பாடல்களாலேயே கதை சொல்லும் பழைய மியூசிக்கல் படத்தை மறுபடி எடுக்கும்போது, நாயகிக்கு ஏன் புதுமுகத்தைத் தேடுகிறார்கள்?

முக்கியக் காரணம் குரல். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற ஹாலிவுட் மியூசிக்கலையே பாருங்கள். 1961 படத்தில் நாயகி மரியாவாக நடித்த நட்டாலி வுட் அப்போதே பெரிய நட்சத்திரம். தன் குரல்தான் படத்தில் வரும் என்று நம்பிப் பாடல்களைப் பாடிப் பதிவும் செய்தார். கடைசியில் அதை எடுத்துவிட்டு, மார்னி நிக்சன் என்ற பாடகியை நட்டாலியின் உதட்டசைவுக்கு ஏற்பப் பாட வைத்தார்கள். எனக்கு இன்றும் மனம் கனக்கும் விஷயம் இது. இன்னொரு சிக்கல் பின்னணி. கதையில் மரியா, ஸ்பானிஷ் பேசும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெண். நட்டாலி வுட்டோ ரஷ்ய வம்சாவளி.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2021இல் மறுபடி எடுத்தபோது இரண்டையும் சரிசெய்ய நினைத்தார். லத்தீன் அமெரிக்கப் பின்னணி, பாடும் திறமை, இளம் வயது மூன்றும் ஒரே ஆளிடம் வேண்டும். அப்படிப்பட்ட நட்சத்திரம் எளிதில் கிடைப்பாரா? பொது அழைப்பு விட்டார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ரேச்சல் செக்லர், தான் பாடிய வீடியோவை அனுப்பித்தான் உள்ளே வந்தார். படத்தில் கேட்பது அவருடைய சொந்தக் குரல்.

அப்புறம், பழைய நடிப்போடு ஒப்பிடுவார்களே என்ற பயம் இருக்கும்தான். ஆனால் இதே கதையில் வரும் அனிதா என்ற துணைப் பாத்திரத்துக்கு முதலில் ரீட்டா மொரேனோ, பிறகு அரியானா டிபோஸ் என இருவருமே ஆஸ்கர் வாங்கினார்கள்.