உம்மாவுக்காக அழுதது பாவமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

நான் முத்துப்பேட்டை பக்கம், பேர் போட வேணாம். எங்க உம்மா மவுத்தாகி ஒண்ற மாசம் ஆவுது. ரெண்டு வருஷமா டயாலிசிஸுக்கு அலையா அலைஞ்சோம். சந்தூக்கை (மய்யித்தை கொண்டு போற பெட்டியை) தூக்குறப்ப என்னால முடியல, "என்னைய விட்டுட்டு போறியளே உம்மா"ன்னு கதறிட்டேன். சொந்தக்காரங்க ஒருத்தங்க என் கையை இறுக்கி புடிச்சு, "நீ உடுற ஒவ்வொரு சொட்டு கண்ணீருக்கும் உங்க உம்மாவுக்கு கபுர்ல (மண்ணறையில) அதாபு (வேதனை), ஹதீஸ்லயே (நபி சொன்னதா வர்ற செய்தியிலயே) இருக்கு"ன்னு காதுல சொன்னாங்க. அன்னைலேந்து அழுகை வந்தா தலகாணியை வாயில வச்சு அமுக்கிக்கிறேன். தம்பி ரியாத்துல இருக்கான், வீடியோ கால்லதான் உம்மா மொகத்தை பாத்தான், அவனும் இதுக்கு பயந்து அழுவாமலேயே உக்காந்திருந்தானாம். தமிழ் புகாரி ஹதீஸ் தொகுப்பை எடுத்து பாத்தா, குடும்பத்தார் அழுவதால் மய்யித்துக்கு (இறந்தவருக்கு) வேதனைன்னுதான் போட்டிருக்கு. ஸஹீஹான (ஆதாரப்பூர்வமான) ஹதீஸை மறுக்க எனக்கு தைரியம் இல்ல. நான்தான் உம்மாவை வேதனைப்படுத்துறேனா அக்கா?

---

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி,

தனியாத்தான் பதில் எழுதலாம்னு இருந்தேன். ஆனா எங்க நன்னி (பாட்டி) மவுத்துல எனக்கும் ஒருத்தங்க இதையே சொன்னாங்க, மாயவரம் பக்கம் எந்த மவுத்து வீட்டுக்கு போனாலும் அழுவுற பொண்ணுங்க காதுல யாராவது இதை சொல்லிடுறாங்க, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே எழுதுறேன்.

மொதல்ல பதில். இல்லம்மா, நீங்க உம்மாவை வேதனைப்படுத்தல. இதை சொல்றதுக்கு நீங்க எந்த ஸஹீஹ் ஹதீஸையும் மறுக்க வேண்டியதில்ல, ஏன்னா இந்த வாசகம் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்துலயே பேசப்பட்ட விஷயம், அந்த பேச்சும் அதே புகாரியிலயும் முஸ்லிம்ங்குற ஹதீஸ் தொகுப்புலயும்தான் இருக்கு.

ஹிஜ்ரி 23ல ரெண்டாவது கலீஃபா உமர்(ரலி) குத்துப்பட்டு கெடக்குறப்ப நபித்தோழர் ஸுஹைப்(ரலி) "என் சகோதரரே, என் தோழரே"ன்னு அழுதுகிட்டே வர்றாங்க. உமர், "எனக்காகவா அழுவுறீங்க, குடும்பத்தோட அழுகை சிலதால மய்யித்துக்கு வேதனைன்னு நபி(ஸல்) சொல்லிருக்காங்களே"ன்னு தடுக்குறாங்க. 'சிலதால'ங்குற வார்த்தையை மனசுல வச்சுக்குங்க. உமர் மவுத்துக்கு அப்பறம் இதை இப்னு அப்பாஸ்(ரலி) நபியோட மனைவி ஆயிஷா(ரலி)கிட்ட சொன்னப்ப அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? உமருக்கு அல்லாஹ் ரஹ்மத் (அருள்) செய்யட்டும், அல்லாஹ் மேல சத்தியமா ஒரு முஃமினை (இறைநம்பிக்கை உள்ளவனை) அவன் குடும்பம் அழுவுறதால அல்லாஹ் வேதனை செய்வான்னு நபி சொல்லல, காஃபிருக்குத்தான் அப்படி வேதனை கூடும்னு சொன்னாங்க, ஒருத்தர் சொமையை இன்னொருத்தர் சொமக்க மாட்டார்னு குர்ஆன் சொல்றது உங்களுக்கு போதும்னுட்டாங்க. அந்த வசனம் குர்ஆன்ல அஞ்சு எடத்துல வருது, 6:164 அதுல ஒண்ணு.

இன்னொரு அறிவிப்புல ஆயிஷா சம்பவத்தையே சொல்லிடுறாங்க. நபி(ஸல்) ஒரு யூதப் பொண்ணுக்காக அவ வீட்டாளுங்க அழுவுறதை பாத்துட்டு, "இவங்க இவளுக்காக அழுவுறாங்க, அவளோ கபுர்ல வேதனையில இருக்கா"ன்னு சொன்னாங்களாம். அதாவது ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது, ஒண்ணால இன்னொண்ணு இல்ல. இந்த ஹதீஸை அறிவிச்ச உமரையும் அவங்க மகன் இப்னு உமரையும் பத்தி ஆயிஷா சொல்றப்ப, அவங்க பொய் சொல்றவங்க இல்ல, ஆனா காது தப்பா கேட்டுடும்னாங்க பாருங்க, அந்த அதபை (மரியாதையை) நான் எத்தனை தடவை படிச்சாலும் மனசு நெறைஞ்சு போவுது.

இப்ப தமிழுக்கு வருவோம். அரபியில "பி புகாயி அஹ்லிஹி"ன்னு இருக்கு, புகான்னா அழுகை, அஹ்ல்னா குடும்பம். அந்த "பி"ங்குற ஒத்தை எழுத்துலதான் பாதி சிக்கல். பள்ளிக்கூடத்துல மூணாம் வேற்றுமை படிச்சோமே, அதுல ஆல் உருபும் உண்டு ஓடு உருபும் உண்டு, வாளால் வெட்டினான்ங்குறதும் தாயோடு வந்தான்ங்குறதும் ஒரே வேற்றுமை ஆனா வேற வேற அர்த்தம். அரபி "பி"யும் இந்த ரெண்டு வேலையையும் செய்யும். "அழுகையால்"னும் எடுக்கலாம், "அழுகையோடு" அதாவது அழுவுற நேரத்துலன்னும் எடுக்கலாம், இந்த ரெண்டாவது அர்த்தத்தையும் இப்னு ஹஜர் தன்னோட புகாரி விரிவுரையில பதிவு பண்ணிருக்காங்க. பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) "ஆல்"னுதான் எடுத்தாங்க, அதை நான் மறைக்கல. ஆனா தமிழ்ல "அழுவதால்"னு அச்சாயிட்டா படிக்கிறவங்களுக்கு இன்னொரு வாசல் இருந்ததே தெரியாம போயிடுது.

அப்பறம் அதாபுங்குற வார்த்தை. "பயணம் அதாபுல ஒரு துண்டு"ன்னு நபி(ஸல்) சொன்ன ஹதீஸும் புகாரியிலதான் இருக்கு, பயணம் போறவனுக்கு யாரும் தண்டனை குடுக்கல, அலுப்பும் சங்கடமும்தான். அதே மாதிரி இங்கயும் அதாபுன்னா தண்டனை இல்ல, வீட்டாளுங்க படுற பாட்டை பாத்து மய்யித்து நோவுறதுன்னு ஆலிம் இப்னு தைமிய்யா சொல்றாங்க.

ஆல்னு எடுத்தவங்களும் உங்க காதுல சொன்ன மாதிரி சொல்லல. அந்தக் கால அரபிகள் நான் செத்தா ஒப்பாரி வைக்கணும், சட்டையை கிழிச்சுக்கணும்னு வஸிய்யத் பண்ணிட்டு சாவாங்க, அப்படி சொல்லிட்டு போனவருக்குத்தான் இந்த வேதனைங்குறது பெரும்பான்மை கருத்துன்னு இமாம் நவவி எழுதுறாங்க. இமாம் புகாரியே தலைப்புல, ஒப்பாரி அவரோட வழக்கமா இருந்திருந்தான்னு நிபந்தனை போட்டுத்தான் இந்த ஹதீஸை கொண்டு வர்றாங்க. இமாம் ஷாஃபியோ, ஆயிஷா சொன்னதுதான் குர்ஆனுக்கும் ஸுன்னாவுக்கும் பொருத்தமா இருக்குன்னு அந்த பக்கமே சாஞ்சிட்டாங்க. நம்ம கடலோர ஊருங்கள்ல பாதிக்கு மேல ஷாஃபி மத்ஹபு (அந்த இமாமோட சட்ட வழி)ன்னு சொல்றோம், இமாமோட இந்தப் பேச்சு மட்டும் மவுத்து வீட்டுக்குள்ள வரவே இல்ல.

எனக்கு எல்லாத்தையும் விட பெரிய ஆதாரமா படுறது நபித்தோழர் ஸஅத் பின் உபாதா(ரலி) நோயில கெடந்த சம்பவம். பாக்கப் போன நபி(ஸல்) அழுதுட்டாங்க, கூட இருந்தவங்களும் அழுதாங்க. அப்ப நபி, கண்ணு விடுற கண்ணீருக்கும் மனசு படுற கவலைக்கும் அல்லாஹ் வேதனை செய்ய மாட்டான், இதுக்குத்தான் செய்வான் இல்லன்னா ரஹ்மத் செய்வான்னு சொல்லி நாக்கை காட்டினாங்க, அடுத்த வரியிலயே குடும்பத்தார் அழுகையால மய்யித்துக்கு வேதனைங்குற வாசகம் வருது. அறிவிக்கிறது அதே இப்னு உமர். கண்ணீர் வழிய நின்னுகிட்டு சொன்னவங்க, கண்ணீருக்கு வேதனைன்னா சொல்லிருப்பாங்க? மேல உள்ள வரியை விட்டுட்டு கீழ உள்ள வரியை மட்டும் காதுல ஊதுறது நியாயமே இல்ல.

நாக்குன்னு சொன்னதும் நீங்க கதறின வார்த்தை ஞாபகம் வந்து பயப்படுவீங்க. நியாஹா, அதாவது அல்லாஹ்வோட விதியை ஏசி மாரடிச்சு ஒப்பாரி வைக்கிறது ஹராம்தான், அதுல நான் எதையும் கொறைச்சு சொல்ல மாட்டேன். இதே வேதனையை பத்தி நபித்தோழர் முகீரா(ரலி) அறிவிக்கிற ஹதீஸ்ல அந்த நியாஹாங்குற வார்த்தையே வருது. ஆனா நபி(ஸல்) மவுத்தானப்ப அவங்க மக ஃபாத்திமா(ரலி) என்ன சொன்னாங்க? "என் வாப்பாவே, ரப்பு கூப்புட்டதும் போயிட்டீங்களே, ஃபிர்தவ்ஸ்ல (சொர்க்கத்துல) போய் தங்கிட்டீங்களே"ன்னு புலம்புனது புகாரியில இருக்கு. உங்க "போறியளே உம்மா"வுல அல்லாஹ்வை பத்தி ஒரு கொறை இருக்கா சொல்லுங்க? எனக்கு அதுல தெரியுறது ரெண்டு வருஷம் பக்கத்துலயே இருந்து பாத்த ஒரு மகதான். சத்தம் கூடிட்டதோன்னு மனசு உறுத்துனா ஒரு இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்பு துஆ) சொல்லிக்குங்க, அது உங்க கணக்குல தீரும், உம்மா கபுருக்கு அதுல சம்பந்தமே இல்ல.

கையை புடிச்சு சொன்னவங்க மேலயும் கோவப்படாதீங்க, அவங்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிருப்பாங்க. இன்னைக்கே தம்பிக்கு போன் போட்டு இதை முழுசா படிச்சு காட்டுங்க. நடுவுல அவன் அழுதா லைனை கட் பண்ணாதீங்க, அழுது முடிக்கிற வரைக்கும் இருங்க. அந்த தலகாணியையும் அந்தாண்ட எடுத்து வச்சுடுங்கம்மா.