படகில் போக போன் இருக்கும்போது கையடக்க ஜிபிஎஸ் தனியாக எதற்கு?

காசிமேட்டிலிருந்து நண்பரின் ஃபைபர் படகில் அடிக்கடி கடலுக்குப் போகிறேன், போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். டவர் இல்லாத இடத்திலும் போன் இடத்தைக் காட்டும், அது உண்மைதான், வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். சிக்கல் வேறு. உப்புத் தண்ணீர் பட்ட விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, உச்சி வெயிலில் திரையும் மங்கிவிடும். கார்மின் ஜிபிஎஸ்மேப் 79 போன்ற கருவியில் பொத்தான்தான், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், கை தவறிக் கடலில் விழுந்தாலும் மிதக்கும்.

வாங்கியதும் அமைப்புகளில் இடத்தைக் காட்டும் எண் வடிவத்தைப் பாருங்கள், இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். போன் அட்சரேகை 13.125 டிகிரி என்று காட்டும் இடத்தைக் கருவி 13 டிகிரி 7.5 நிமிடம் என்று காட்டும், ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதையே 13 டிகிரி 12.5 என்று அடித்துவிட்டால் 5 நிமிடம் வடக்கே தள்ளிப்போகும், ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஆக ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் தவறு. இருட்டில் கரை திரும்பும்போது அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் இங்கே வைத்திருந்தாலே வழக்கு வரும். இடம் மட்டும் காட்டும் கருவி போதும், அவசரத்துக்குக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், டவர் கிடைக்கும் தூரம் வரை அது உதவும்.