பக்கெட் குளியல்காரங்களுக்கு ஸ்பா ப்ராடக்ட்: இந்த வாட்டி வந்த கேள்விகள்

ஸ்பா பிராண்ட் ஸ்க்ரப், பாடி பட்டர், பாத் சால்ட்னு வீட்டுக்கே வாங்கி ட்ரை பண்றத பத்தி கேள்வி குவிஞ்சு கிடக்கு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். நான் ஸ்பால தெரபிஸ்ட்டா வேலை பாத்துட்டு இப்ப பியூட்டிஷியன் பொண்ணுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறவ, டாக்டர் இல்ல, அதனால புண்ணு, அலர்ஜி, வெடிப்புல ரத்தம்னு இருந்தா எனக்கு எழுதிட்டு காத்திருக்காம நேரா ஸ்கின் டாக்டர்கிட்ட போய்டுங்க.

கேள்வி (மதுரை): அக்கா, ஸ்பால பாடி ஸ்க்ரப்பும் மசாஜும் சேத்து மூவாயிரத்துக்கு மேல ஆகுது. அவங்க யூஸ் பண்ற அதே பிராண்ட் ஸ்க்ரப் ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு இருக்கு. வாங்கி வீட்ல போட்டா அதே எஃபெக்ட் வருமா?

அப்படியே வராதும்மா, ஆனா முக்காவாசி வரும், அதுவும் அந்த டப்பாவால இல்ல. ஸ்பால நீங்க காசு குடுக்குறது ஏசி ரூமுக்கு, வாசனைக்கு, ஒரு மணி நேரம் ஃபோன தொடாம படுத்திருக்குறதுக்கு, எல்லாத்துக்கும் மேல அந்த தெரபிஸ்ட் பொண்ணோட கைக்கு. டப்பாக்குள்ள இருக்குறது பெரும்பாலும் சர்க்கரையோ உப்போ, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வாசனை, அவ்ளோதான். ஆனா ஸ்பால எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு வரிசை இருக்கு பாருங்க, அத காசு இல்லாமயே காப்பி அடிக்கலாம். மொதல்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் உடம்ப நல்லா ஊற விடுங்க, ஸ்க்ரப் எப்பவும் ஈர உடம்புலதான், காஞ்ச தோல்ல தேச்சா கீறிடும். அழுத்தாம வட்டமா தேய்ங்க, ஒரு இடத்துக்கு அரை நிமிஷம் போதும், கழுவினதும் டவலால பரபரன்னு துடைக்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள லோஷனோ எண்ணெயோ தடவிடணும். இந்த கடைசி வேலைய விட்டுட்டுதான் பாதி பேர் "ஒண்ணும் வித்தியாசமே தெரியல"ன்னு எழுதுறாங்க.

உப்பு ஸ்க்ரப் கரகரன்னு இருக்கும், குதிகால், முட்டி, முழங்கைக்கு சரி. சர்க்கரை தண்ணி பட்டதும் கரைய ஆரம்பிச்சுரும், அதனால கை, தொடைக்கு அதுதான் சாஃப்ட். வாக்சிங், ஷேவிங் பண்ண அன்னிக்கு உப்பு பக்கம் போனீங்கன்னா கத்துவீங்க. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம், முகத்துக்கு பாடி ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, நான் எல்லார்கிட்டயும் சொல்றது: கழுவி ஊத்துற சாமான்ல காசு கொட்டாதீங்க, தோல்லயே தங்குற சாமான்ல கொஞ்சம் செலவு பண்ணுங்க. ரெண்டு நிமிஷத்துல சாக்கடைக்கு போற பாடி வாஷுக்கு 800 ரூபா எதுக்கு, அதுல பாதிய நல்ல மாய்ஸ்சரைசர்ல போடுங்க.

கேள்வி (அம்பத்தூர்): பாத் பாம்ப், பாத் சால்ட் எல்லாம் கிஃப்ட்டா வந்துச்சு. எங்க வீட்ல பாத்டப்பே இல்ல, என்ன பண்றது? மாமியாருக்கு கால் வலி, அவங்களுக்கு யூஸ் ஆகுமா?

நம்மூர்ல முக்காவாசி வீட்ல பக்கெட்டும் மக்கும்தான், அதுக்கு ஒரு பிராண்டும் ப்ராடக்ட் பண்றதில்ல. பாத் பாம்ப்ங்கறது ஆப்ப சோடாவும் சிட்ரிக் ஆசிடும் சேத்து உருட்டுனது, தண்ணில போட்டா நுரைச்சு வாசனை வரும். அத நாலா உடைச்சு ஒரு துண்ட ஒரு பிளாஸ்டிக் டப்ல வெந்நீர் ஊத்தி போட்டு கால வைங்க, நாலு ஞாயித்துக்கெழமைக்கு வரும். பாத் சால்ட்டும் அதே மாதிரிதான். எப்சம் சால்ட்னு போட்டிருந்தா அது மெக்னீசியம் சல்பேட், மெடிக்கல் ஷாப்ல ரொம்ப சீப்பா கிடைக்குறதுதான், லாவண்டர் வாசனை சேத்து அழகான பாட்டில்ல போட்டா விலை எங்கயோ போயிடும். மெக்னீசியம் தோல் வழியா உள்ள போய் வலிய எடுக்கும்னு எழுதியிருப்பாங்க, அதுக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, இதமா இருக்குறது வெந்நீரால. பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஊற வைக்காதீங்க.

மாமியாருக்கு சுகர் இருக்கான்னு நீங்க எழுதல, அதனால கேக்குறேன். இருந்தா கால ஊற வைக்குறது, ஸ்க்ரப்பு, பியூமிஸ் கல்லு, பிளேடு எதுவும் வேண்டாம். சுகர் காரங்களுக்கு கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கலாம், சூடு தெரியாம வெந்துரும், சின்ன கீறல் பெரிய புண்ணாயிரும். அவங்களுக்கு தினமும் கால கழுவி, விரல் இடுக்க நல்லா துடைச்சு, பாதத்துக்கு மட்டும் க்ரீம் போட்டா போதும், விரல் இடுக்குல க்ரீம் வேண்டாம். கால் வலிக்கு என்ன காரணம்னு டாக்டர்கிட்ட காட்டிருங்க.

கேள்வி (கோவை): லக்ஸுரி ஸ்பா லோஷன் 900 ரூபா, சூப்பர் மார்க்கெட் லோஷன் 300. சந்தனம், குங்குமப்பூ இருக்குன்னு போட்டிருக்காங்க. உண்மையிலயே அவ்ளோ வித்தியாசம் இருக்கா சிஸ்டர்?

டப்பாவ திருப்புங்க. இன்க்ரீடியன்ட்ஸ் லிஸ்ட் எது ஜாஸ்தியோ அதுல இருந்து இறங்குவரிசையில வரும், ஒரு சதவீதத்துக்கு கீழ உள்ளதெல்லாம் எப்படி வேணா மாத்தி எழுதிக்கலாம். இதுல ஒரு ட்ரிக் இருக்கு, ஃபினாக்சிஎத்தனால்னு ஒரு ப்ரிசர்வேட்டிவ், அதாவது கெட்டுப்போகாம இருக்க சேக்குற சாமான், நிறைய லோஷன்ல இருக்கும், அத ஒரு சதவீதத்துக்கு மேல போடக்கூடாது. சோ உங்க சந்தனமும் குங்குமப்பூவும் அந்த பேருக்கு பின்னாடி உக்காந்திருந்தா அது ஒரு சதவீதத்துக்குள்ளதான், வாசனைக்கும் அட்டைல படம் போடறதுக்கும்னு வச்சுக்கங்க. மொத அஞ்சு பேர்ல தண்ணி, கிளிசரின், ஷியா பட்டர், ஏதாவது எண்ணெய்னு ரெண்டு டப்பாலயும் ஒரே மாதிரி இருந்தா 300 ரூபா லோஷனே போதும், மிச்ச 600க்கு நீங்க வாங்குறது வாசனைய. வாசனைக்கு காசு குடுக்குறது தப்பே இல்ல, எனக்கும் பிடிக்கும், ஆனா தெரிஞ்சு குடுங்க.

மினி கிட்லயும் கவனம். 50 மில்லி 250 ரூபான்னா கம்மியா தெரியும், கணக்கு போட்டா 100 மில்லி 500. இப்பல்லாம் எம்ஆர்பி பக்கத்துலயே ஒரு மில்லிக்கு எவ்ளோன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அத பாத்து கம்பேர் பண்ணுங்க. புது பிராண்ட ட்ரை பண்ண மட்டும் மினி நல்லதுதான், பிடிக்கலன்னா நஷ்டம் கம்மி.

கேள்வி (வேளச்சேரி): பாடி பட்டர் போட ஆரம்பிச்சதுல இருந்து முதுகுல பொடிப்பொடியா வருது, அரிக்குது. கூடவே கொரியர்ல வந்த டப்பா உள்ள ரவை மாதிரி திரிதிரியா இருக்கு, கெட்டுப்போச்சா?

பாடி பட்டர்ங்கறது குளிர் ஊர்க்காரங்களுக்கு வந்த ஐட்டம்மா. பாடி பட்டருக்கு பேர் போன பாடி ஷாப் கம்பெனி 1976ல ஆரம்பிச்சது இங்கிலாந்துல பிரைட்டன்ல, அந்த ஊரு காத்துக்கு அவ்ளோ கெட்டியா தடவுனாதான் தாங்கும். சென்னைல மே மாசம் வேர்வைக்கு மேல அத அப்புனா முதுகு என்ன பண்ணும்? எல்லார் தோல்லயும் மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் இருக்கு, தேமலுக்கும் அதுதான் காரணம், அதுக்கு எண்ணெய்னா கொண்டாட்டம். ஒரே சைஸ்ல அரிக்கிற பொரியா இருந்தா பரு க்ரீம் போட்டு பாத்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுக்கு மருந்து வேற. பட்டர குதிகால், முழங்கை, கை விரல்னு வச்சுக்கங்க, முதுகு, மார்புக்கு லேசான ஜெல்லோ தண்ணியா இருக்குற லோஷனோ போதும். மார்கழில வேணா மத்த எடத்துக்கும் போட்டுக்கங்க.

திரிதிரியா இருக்குறது கெட்டுப்போனது இல்ல. ஷியா பட்டர் நம்ம உடம்பு சூட்டுக்கே உருகும், டெலிவரி வண்டில உருகி மெதுவா ஆறினா இப்படி குருணையா ஆகும், கைல தேச்சா கரைஞ்சுரும். தண்ணி சேராத வெறும் ஷியா பட்டரா இருந்தா லேசா உருக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் ஆற வைங்க, வழவழன்னு ஆயிரும். தண்ணி கலந்த க்ரீம்ல இந்த வேலை வேண்டாம், பிரிஞ்சுரும். சிக்கு வாடை அடிச்சா மட்டும் தூக்கி போடுங்க.

கேள்வி (சேலம்): பாரபென் ஃப்ரீ போட்டிருந்தாதான் வாங்கணுமா?

வேண்டாம். பாரபென்ங்கறதும் க்ரீம் கெட்டுப்போகாம இருக்க போடற ஒரு ப்ரிசர்வேட்டிவ்தான். அமெரிக்கால தோல் அலர்ஜி பாக்குற டாக்டர்கள் சங்கம் 2019ல பாரபென்ன "அலர்ஜி தராத பொருள்"னு தேர்ந்தெடுத்தாங்க. பாரபென் மேல பயந்து கம்பெனிங்க அதுக்கு பதிலா போட்ட மெத்தில்ஐசோதயசோலினோன்தான் நெறைய பேருக்கு அலர்ஜி குடுத்து, 2013ல அதே சங்கம் அந்த வருஷத்து அலர்ஜி பொருள்னு அத அறிவிச்சுது, ஐரோப்பால தோல்ல தங்குற க்ரீம்கள்ல தடையே வந்துச்சு. நீங்க பயப்பட வேண்டியது "ப்ரிசர்வேட்டிவே இல்ல, வீட்ல பண்ணது"ன்னு விக்கிற தண்ணி கலந்த க்ரீமுக்கு, அதுல பூஞ்சை வர நாள் ஆகாது. கடை ஸ்க்ரப்பா இருந்தாலும் ஊறுகாய் ஜாடி ரூல்தான்: ஈர கைய விடாதீங்க, காஞ்ச ஸ்பூன்ல எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டுக்கிட்டு பாத்ரூம் போங்க.

கேள்வி (திருச்சி): அடுத்த வாரம் அக்கா கல்யாணம், கோல்ட் ஃபேஷியல் கிட் வாங்கி வீட்லயே பண்ணலாம்னு இருக்கேன். பாட்டி நலங்கு மாவே போதும்ங்குறாங்க.

பாட்டி பக்கம்தான் நான். அடுத்த வாரம்னா புது கிட் எதையும் தொடாதீங்க. புது சாமான முழங்கை உள்பக்கம் சின்ன எடத்துல தினமும் ரெண்டு வேளை ஒரு வாரம், பத்து நாள் போட்டு பாத்துதான் முகத்துக்கு போகணும், உங்களுக்கு அந்த நாளே இல்ல. கோல்ட் கிட்ல தங்கம் தோலுக்குள்ள போறதெல்லாம் இல்ல, பளபளன்னு தெரியுறது பெரும்பாலும் மைக்கா பொடியும் மசாஜும், ராத்திரி கழுவுனா போச்சு. கிட்ல ப்ளீச் இருந்தா அத மொதல்ல எடுத்து வச்சுருங்க, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ப்ளீச் போட்டு சிவந்து வீங்கி வந்த பொண்ணுங்கள நிறைய பாத்துட்டேன். ஆவி புடிச்சா போர்ஸ் தொறக்கும், ஐஸ் வச்சா மூடும்னு கிட்ல எழுதியிருந்தா சிரிச்சுட்டு விட்டுருங்க, தொறந்து மூட அதுல தசை எல்லாம் கிடையாது.

நலங்கு மாவு, பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர்னு அரைச்சது, நைசா சலிச்சிருக்கான்னு மட்டும் பாருங்க, கொரகொரன்னா முகத்துக்கு வேண்டாம். வறண்ட தோலா இருந்தா தண்ணிக்கு பதிலா பால்ல குழைச்சு, காயறதுக்கு முன்னாடியே கழுவிருங்க. எலுமிச்சை மட்டும் புழியாதீங்க, அதோட வெயில்ல போனா கருக்கும்.

கேள்வி (திண்டுக்கல்): ஸ்பால யூஸ் பண்ற அரோமா ஆயில் வாங்கினேன், அப்படியே தடவலாமா? சளி புடிச்ச எட்டு மாச பாப்பாவுக்கும் போடலாமா?

ரெண்டுக்கும் நோ. பெரியவங்களுக்கு 30 மில்லி தேங்காய் எண்ணெய்லயோ நல்லெண்ணெய்லயோ ஆறு சொட்டு, அவ்ளோதான், நேரா தோல்ல போட்டா எரியும். பாப்பாவுக்கு நீலகிரி தைலம், புதினா எண்ணெய், கற்பூரம் எதுவும் வேண்டாம். மூச்சு தெணறலாம், கற்பூரம் வாய் வழியா உள்ள போனா ஃபிட்ஸே வரும். டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க.

கேள்வி (நாகர்கோவில்): இம்போர்ட்டட் ஸ்பா க்ரீம்னு பாதி விலைக்கு விக்கிறாங்க, ஏழு நாள்ல கலர் வருதுன்னு ஃப்ரெண்டுக்கு நிஜமாவே வந்துச்சு. வாங்கலாமா?

நிஜமாவே வந்துச்சுங்கறதுதான் பயமே. அவ்ளோ வேகமா வெளுக்குற பேர் தெரியாத க்ரீம்ல ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஸ்டீராய்டுன்னா மொதல்ல பளிச்னு இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிஞ்சு, பரு வந்து, நிறுத்துனா எரிஞ்சு சிவக்கும். பாதரசம் கிட்னிக்கு கெடுதல். முறையா இறக்குமதி ஆன காஸ்மெடிக்ல இம்போர்ட்டர் பேர், அட்ரஸ், ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கும், இங்க தயாரிச்சதுன்னா லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி இருக்கும். இது இல்லாத டப்பா ஓசில குடுத்தாலும் வேண்டாம். உங்க ஃப்ரெண்டு ஏற்கனவே ரொம்ப நாளா போடுறாங்கன்னா தள்ளி போடாம, டப்பாவ கையோட எடுத்துட்டு உடனே ஸ்கின் டாக்டர்கிட்ட போக சொல்லுங்க, அப்படியே நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணுமான்னு அவங்க சொல்வாங்க.