அமெரிக்கச் சட்டத்தில் ‘பிராபபிள் காஸ்’ என்பது வெறும் சந்தேகம்தானா?

‘பிராபபிள் காஸ் இருந்தது என்று சொல்லி அமெரிக்கப் போலீசார் கைது செய்கிறார்களே, சந்தேகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நான் அதை ‘நம்பத் தகுந்த காரணம்’ என்பேன். மனதுக்குள் இருக்கும் சந்தேகத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்தக் காரணத்தையோ நீதிபதியின் முன் விவரமாக எடுத்து வைக்க வேண்டும். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது சுங்க அதிகாரிகள் பொது வாரன்ட் ஒன்றை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் நுழைந்தார்கள். அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 1791இல் நிறைவேறிய, அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம். நம்பத் தகுந்த காரணத்தைச் சத்தியம் செய்து சொல்லி, சோதனையிடும் இடத்தையும் குறிப்பிட்டால்தான் வாரன்ட் கிடைக்கும்.

1978 மே மாதம், இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டேல் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அந்த ஊரில் ஒரு தம்பதி போதைப்பொருள் விற்கிறார்கள். மனைவி ஃபுளோரிடாவுக்குக் காரை ஓட்டிச் சென்று விட்டுவிட்டு விமானத்தில் திரும்புவாள். கணவன் விமானத்தில் போய், டிக்கி நிறையச் சரக்கோடு காரை ஓட்டி வருவான் என்றது கடிதம். மொட்டைக் கடிதத்தை மட்டும் நம்பி ஒரு வீட்டைத் திறக்க முடியாது. போலீசார் விசாரித்தார்கள். கணவன் விமானத்தில் போனதும், ஓர் இரவு தங்கி மறுநாள் காலை காரில் வடக்கே கிளம்பியதும் உறுதியாயின. அதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி வாரன்ட் வாங்கினார்கள். டிக்கியில் சுமார் 350 பவுண்டு கஞ்சா இருந்தது.

காரணம் போதாது என்றது இல்லினாய் உச்ச நீதிமன்றம். 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து, குற்றத்தின் தடயம் கிடைக்க நியாயமான வாய்ப்பு தெரிந்தால் போதும். ஆனால் மனைவி விமானத்தில் திரும்பவில்லை, கணவனோடு அதே காரில்தான் வந்தாள். கடிதம் தவறிய அந்த இடத்தை நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். என் மனம் அவர் பக்கம்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து ஊர் திரும்புவதில் என்ன மர்மம்? கஞ்சா கிடைத்ததே என்பது பதிலாகாது. பிறகு கிடைத்த பொருள் முன்பு இல்லாத காரணத்தை உண்டாக்கிவிடாது.

நீங்கள் சொல்லும் சந்தேகத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு, ஒரு படி கீழே. கிளீவ்லாண்டில் சிலர் ஒரு கடை ஜன்னலைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்துப் போவதைக் கண்ட துப்பறிவாளர், அவர்களை நிறுத்தி மேலுடையைத் தடவிப் பார்த்தார். அதற்கு ‘நியாயமான சந்தேகம்’ போதும் என்று 1968இல் தீர்ப்பானது. கைது செய்ய அது போதாது. நம்பத் தகுந்த காரணத்துக்கு இத்தனை சதவீத வாய்ப்பு வேண்டும் என்று நீதிமன்றம் எங்கும் வரையறுக்கவில்லை.

ஒன்று மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நீங்களே மனமுவந்து சம்மதித்தால் எந்தக் காரணமும் தேவையில்லை. நான் படிக்கப் போன முதல் வருடம், சாலையில் காரை நிறுத்திய அதிகாரி ‘டிக்கியைப் பார்க்கலாமா?’ என்று கேட்டார். பெரியவர் கேட்கிறாரே என்று நம் ஊர் வழக்கப்படி தலையாட்டினேன். அரிசி மூட்டையை இறக்கி, மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். மறுத்திருக்கலாம் என்றும், மறுத்தது மட்டுமே என் மேல் சந்தேகப்படக் காரணமாகாது என்றும் பிற்பாடுதான் படித்தேன்.