கன்னியாகுமரிக் காட்டுக்குள் நடந்து சென்று ஆற்றில் நீந்த நல்ல இடம் எது?

நீங்கள் கேட்டிருப்பது இடத்தை மட்டும்தான். ஆனால் கேள்வியின் கடைசியில் "எங்கள் குழுவில் அனைவருக்கும் நன்றாக நீச்சல் தெரியும்" என்று சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நீங்கள் வெளியூரிலிருந்து வருபவர்கள் என்றும், நீச்சல் குளத்தில் நீந்தப் பழகியவர்கள் என்றும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் காளிகேசம். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகப் போக வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தி நீங்கள் படம் எடுக்கப்போகும் அந்த நிழல் நிறைந்த பகுதி காடு அன்று, வரிசை பிடித்து நட்ட ரப்பர் தோட்டம். என் அப்பா பால் வெட்டிய தோட்டங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதால், அதை மழைக்காடு என்று யாராவது எழுதும்போது எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒரே மரம், ஒரே உயரம். தை மாசி வாக்கில் இலை உதிர்த்து நிற்கும். இயற்கையான காடு அதற்கு அப்பால் தொடங்குகிறது: கோங்கும் அயனியும் ஓங்கி நிற்க, அவற்றின் மேல் பிரம்பு ஏறிக்கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மலையணிலும் கருமந்தியும் தலைக்கு மேலே தென்படும். இன்னும் மேலே மாறாமலையில் கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன.

நடப்பதற்கென்றே வருகிறீர்கள் என்றால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் காளிகேசம் – உலக்கை அருவிப் பாதையும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போகலாம். அனுமதி இல்லாமல் உள்ளூர்ப் பையன் ஒருவனுக்குக் காசு கொடுத்துப் போய்வந்ததைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பின்பற்ற வேண்டாம். 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் இறுகின. கோடையில் பாதைகளை மூடுவதும் அந்தத் தீயை மனத்தில் வைத்துத்தான்.

இனி, அந்த நீச்சல் வரிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், என் கொழுந்தனார் சென்னையிலிருந்து நண்பர்களோடு வந்திருந்தார். காளிகேசத்துக்குப் போக வேண்டும் என்றதும், தாம் வேலை செய்த பக்கம் என்பதால் அப்பாவும் உடன் வந்தார். எல்லாரும் நீரில் இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்கள் மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா குளிக்காமல் கரையில் நின்று மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை அழைத்து, "மக்களே, எல்லாரையும் கரையேறச் சொல்லு" என்றார். கொழுந்தனார் நீருக்குள் இருந்தபடியே, "மாமா, வெயில் அடிக்குது பாருங்க, எங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியும்" என்றார். "தெரியும், சரி. மேலிருந்து வர்ற மரத்தடிக்கு அது தெரியாதே தம்பி" என்றார் அப்பா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினார்கள். மறுபடியும் இறங்க அப்பா விடவில்லை.

அன்று வெள்ளம் வரவில்லை. நாங்கள் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்று முடிக்கும் வரையிலும் தண்ணீர் அதே அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் காதுகுத்து நடந்தாலும், "அண்ணியின் அப்பா சொன்ன வானிலை அறிக்கை" என்று ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வருவதில்லை. வெள்ளம் வராமல் போனதை வைத்து அப்பாவின் கணக்குத் தவறு என்று முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையோ மிகச் செங்குத்தானது, அதற்கும் சமவெளிக்கும் இடையில் தூரம் குறைவு. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டும் மழை, பாறைச் சரிவில் நிற்க இடமில்லாமல் ஓடைகளில் இறங்கி, ஆற்றில் ஒன்றுசேர்ந்து, நீங்கள் குளிக்கும் இடத்துக்கு மொத்தமாக வந்து சேர்கிறது. அந்த மழையின் ஒரு துளிகூட உங்கள் தலையில் விழுந்திருக்காது. ஆகவே உங்களுக்கு நேர் மேலே வெயில் அடிப்பது எதற்கும் சான்று ஆகாது. மலைமேல் கருமேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெளிந்த நீர், பால் சேர்க்காத கட்டன் சாயாவின் நிறத்துக்கு மாறத் தொடங்குவதும், சருகும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக மிதந்து வருவதும், ஆற்றின் இரைச்சல் தடிப்பதும் கரையேற வேண்டியதன் அடையாளங்கள். இறங்கும்போதே நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது நனைந்துவிட்டால் பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

நீச்சல் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாங்களும் இந்த ஆறுகளில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள்தான். யாரையும் பயமுறுத்தி விரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நிற்கும் நீரில் கற்ற நீச்சல், பாறைகளுக்கிடையே பாயும் நீரில் பாதிதான் உதவும். தொடையளவு நீர்கூட வேகமாக வந்தால் ஆளைச் சாய்த்துவிடும். சாய்ந்தவரின் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் கை வீசி என்ன பயன்? மேலே அசைவில்லாமல் தெரியும் கயத்தில், அதாவது ஆற்றின் ஆழமான மடுவில், அடியில் பாறை குடைந்திருக்கக்கூடும். எனவே உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கவே கூடாது. பாசி பிடித்த பாறையில் செருப்போடு நடப்பதும் வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், காட்டு விலங்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் தேனிப் பக்கத்தில் பிடித்த அரிக்கொம்பன் யானையை மேல்கோதையாறு வனப்பகுதியில் கொண்டுவந்து விட்டதிலிருந்து, வெளியூர் உறவினர்கள் அத்தனை பேரும் இதையே கேட்கிறார்கள். யானையும் மிளா என்னும் பெரிய மானும் அதற்கு முன்பும் இந்த மலையில் இருந்தவைதான். வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், அவ்வளவே. அட்டைக்கு உப்போ சுண்ணாம்போ போதும். கடித்த இடத்தில் இரத்தம் சற்று நேரம் நிற்காமல் கசியும், ஏனென்றால் இரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் அதன் உமிழ்நீரில் இருக்கிறது. யானையைவிடவும் அட்டையைவிடவும் என்னை அச்சப்படுத்துவது, குளிக்க வந்தவர்கள் ஆற்று மணலில் உடைத்துப் போட்டுவிட்டுப் போகும் மதுப்புட்டிச் சில்லுகள். "யாருக்கும் தெரியாத இடம்" என்று காணொளி போட்டுக் கூட்டத்தை அனுப்பிவைப்பவர்கள், அந்தச் சில்லுகளைப் பொறுக்க ஒருநாளும் வந்ததில்லை.

பருவமழை ஓய்ந்த தை மாதம் வருவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில்தான் வர முடியும் என்றால், முந்தைய நாள் செய்தித்தாளில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணியின் முழு அளவு 77 அடி. இரண்டும் நிறையும் நிலையில் இருந்தால் மலையில் நல்ல மழை பெய்திருக்கிறது என்று பொருள், அணைகளுக்குக் கீழே உள்ள ஆறுகளிலும் மதகு திறக்கும்போது நீர் உயரும். காளிகேசத்துக்குக் காலையிலேயே போய், பிற்பகல் மழைக்கு முன் திரும்பிவிடுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஏறச் சொன்னால் மற்றவர்கள் வாதாடாமல் ஏற வேண்டும். அதற்கு ஒருவரும் முன்வரவில்லை என்றால் திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புங்கள். அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, வெள்ளம் கூடினால் குளிக்கவே விடமாட்டார்கள்.