பாயின் விலையும் நெய்பவரின் கூலியும்

கேள்வி: கைவினைத் தொழில்கள் அழிந்துவருவதாக ஒருபுறம் சொல்கிறார்கள், மறுபுறம் கண்காட்சிகளில் கூட்டம் அலைமோதுகிறது. எங்கள் பக்கத்துப் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இத்தொழில்கள் மீண்டுவிட்டன என்று கொள்ளலாமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் குறிப்பிட்ட பாயையே எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது உப்பியதும் எடுத்து மறுபடியும் உலர்த்தி, ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நூலிழைபோல் கிழித்த பிறகுதான் நெசவே தொடங்குகிறது. துணிபோல் மடியும் பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்காகும். மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அன்றாடம் விரித்துப் படுக்கும் பாயின் இடத்தைப் பிளாஸ்டிக் பாய் பிடித்துக்கொண்டது. அந்த அன்றாட விற்பனைதான் நெய்பவர் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. தாயின் கைத்திறனை மகள் அறியாமல் இல்லை. அந்தக் கூலியில் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் சேர்த்தே அறிந்திருக்கிறாள்.

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஊரின் பெயரைப் பிறர் போலியாகப் பயன்படுத்தாமல் காக்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் கூலியை நிர்ணயிப்பதோ, கோரை கிடைக்க வழிசெய்வதோ அதன் வேலையல்ல.

மீட்சிக்கு உதாரணம் இல்லாமலும் இல்லை. 1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள்கள் வாரியத்துக்குத் தலைமையேற்ற கமலாதேவி சட்டோபாத்யாய், பயிற்சியையும் சந்தையையும் ஒருசேர வளர்க்க முனைந்தார். குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சுத் துணி செய்யும் குடும்பங்கள், ரசாயனச் சாயத்தை விட்டு இயற்கைச் சாயத்துக்குத் திரும்பி, நகரங்களில் வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டன. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா கிராமத்துத் தண்ணீரில் இரும்புச்சத்து மிகுந்து சாயத்துக்கு ஒவ்வாமல் போனபோது, அவர்களில் பலர் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக்கொண்டார்கள். தொழில் சோறு போட்டதால்தான் அதற்காக ஊர் மாறத் துணிந்தார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: கைவினைப் பொருள் வாங்கும்போது பேரம் பேசுவது தவறா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கடைக்காரரிடம் பேசலாம், செய்தவரிடம் வேண்டாம் என்பேன். இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். சொல்லும் விலையில் மூலப்பொருளின் செலவைக் கழித்து, மீதியை அந்த நாள்களால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் ஊரில் ஒரு சித்தாள் வாங்கும் தினக்கூலிகூடத் தேறாது.