எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டெலஸ்கோப் வாங்குவதைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். டெலஸ்கோப் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பதினைந்தாயிரம் வரை போகலாம். ஆன்லைனில் 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று ஒன்று எட்டாயிரத்துக்குள் வருகிறது. மூன்று ஐபீஸ், நிலா ஃபில்டர், பை எல்லாம் கூடவே தருகிறார்களாம். வாங்கிவிடலாமா? — பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், பல்லடம்

வேண்டாங்க. அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை (ஒளி ஒரு புள்ளியில் வந்து குவிகிற தூரம்) ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் குழலின், குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் மடங்கு. நீங்கள் சொல்கிற வகைக் குழாய்க்கு 700 மி.மீ. குவியத்தூரம், கூட வருகிற சின்ன ஐபீஸ் 4 மி.மீ., ஆக 175. நடுவில், மடங்கை மூன்றால் பெருக்கித் தருகிற பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் உள்ளே ஒளியைப் பிடித்துக் குவிக்கிற கண்ணாடியின் விட்டம் வெறும் 76 மி.மீ.; ஒரு மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவாக எல்லோரும் வைத்துக்கொள்கிற உச்ச வரம்பு, அதாவது 150. அதற்கு மேல் போவது விருந்தாளி வர வர மோரில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். கண்ணாடி பிடித்துத் தருகிற வெளிச்சம் அதே அளவுதான், அது பரவிப் பரவி மங்கிப்போகும். போதாததற்கு 525 மடங்கில் பூமி சுற்றுகிற வேகத்துக்கே வியாழன் இருபது வினாடியில் பார்வையை விட்டு ஓடிவிடும், அதைத் துரத்தலாம் என்று குழாயில் கை வைத்தால் அந்த மெல்லிய தகரக் கால் ஸ்டாண்டு ஆடி அடங்கவே அஞ்சாறு வினாடி போய்விடும். பிள்ளை ரெண்டு நாள் பார்த்துவிட்டுப் பரண் மேல் போட்டுவிடுவாள்.

விளம்பரத்தில் மூன்றே விஷயம் பாருங்கள்: விட்டம் எவ்வளவு, குவியத்தூரம் எவ்வளவு, எதன் மேல் நிற்கிறது. உங்கள் தொகைக்கு 114 அல்லது 130 மி.மீ. விட்டத்தில், மேஜை மேல் வைத்துச் சுழற்றுகிற சின்ன டாப்சோனியன் (முக்காலி இல்லாமல் அடிப்பெட்டி மேல் உட்கார்ந்து திரும்புகிற கண்ணாடி வகை டெலஸ்கோப்) கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். அதற்கு மேஜைகூட வேண்டியதில்லை, தோட்டத்தில் துணி துவைக்கிற கல் இருந்தால் அதன் மேல் தூக்கி வையுங்கள், எந்த டிரைபாடும் அந்த அளவுக்கு அசையாமல் நிற்காது. கிடைக்காவிட்டால் 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸ் வகை. அதில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்தத் திருகு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: கண்ணாடி வகையில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருந்து, குழாய் மட்டும் அரை மீட்டர் நீளத்துக்கு இருந்தால் தொடாதீர்கள். ஐபீஸைச் செருகி ஃபோகஸ் செய்கிற குழலுக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்து நீளத்தைச் சமாளித்திருப்பார்கள், படம் ஒருநாளும் கூர்மையாக வராது.

மகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நெட்டில் வருகிற கலர் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எதுவும் கண்ணுக்கு அப்படித் தெரியாது, ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகை மாதிரிதான் இருக்கும். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலாக்கள், அதன் உடம்பில் இரண்டு பட்டைகள், சனியின் வளையம் ஆகியவை மட்டும் ஏமாற்றாது. 1610 ஜனவரியில் கலிலியோ அந்த நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்கில்தான்.

ஆறு இஞ்ச் டாப்சோனியன் வாங்குவதா, 130 மி.மீ. குழாயை ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு வாங்குவதா? பின்னது பார்க்க 'புரொஃபெஷனலாக' இருக்கிறது, எதிர்காலத்தில் மோட்டாரும் மாட்டலாம் என்கிறார்கள். — டெக்ஸ்டைல் இன்ஜினியர், பவானி

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஸ்டாண்டு நம்ம ஊருக்குச் செய்ததில்லை.

ஈக்வடோரியல் ஸ்டாண்டில் ஓர் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் அந்த ஒரே அச்சைத் திருப்பி வானத்தைத் தொடர முடியும். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும். ஐரோப்பாவில் ஐம்பது டிகிரி, அங்கே சுகமாக நிற்கும். பவானிக்குப் பதினொன்றரை டிகிரிக்குப் பக்கம், பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி அளவுக்குத்தான் அது மேலே வரும், அதுவும் புழுதியில் மங்கி. அச்சை அந்த அளவுக்குச் சாய்த்தால் பல சின்ன மாடல்களில் எடைக்கல் மாட்டுகிற கம்பி டிரைபாடு காலில் போய் இடிக்கும், சிலதில் திருகு அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. ஒரு காலை நீட்டி, மறுகாலைக் குறுக்கி ஒப்பேற்றலாம், ஆனால் இருட்டில் தினமும் யார் செய்வது?

இதே பதினொரு டிகிரியை நமக்குச் சாதகமாகத் திருப்பியவர்கள் ஊட்டிக்காரர்கள். முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் இயங்கத் தொடங்கியது. ரேடியோ வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் தேடிப் பிடித்த அந்த மலைச்சரிவு வடக்கு தெற்காக, ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, கிட்டத்தட்ட 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் அந்த நீளத்தையே பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடத்தி, ஒரே பக்கமாகத் திருப்பி மணிக்கணக்கில் வானத்தைத் தொடர முடிகிறது. ஆக, மலையே ஈக்வடோரியல் ஸ்டாண்டு! உங்கள் மொட்டை மாடியில் அப்படிச் சரிவு இல்லையென்றால் டாப்சோனியனுக்கே போங்கள்.

கண்ணாடி அளவும் யோசிக்க வேண்டியதுதான். ஆறு இஞ்ச் என்பது சுமார் 150 மி.மீ.; 130-க்கும் 150-க்கும் இருபது மி.மீ.தானே என்று தோன்றும், வெளிச்சத்தில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். டாப்சோனியனில் காசு கண்ணாடிக்குப் போகிறது, மற்றதில் பல்சக்கரத்துக்குப் போகிறது. மோட்டார் வைத்துப் போட்டோ எடுப்பது தனி ஆசை, அதற்கான செலவு இந்தத் தொகையில் அடங்காது. இப்போதைக்கு விடுங்கள்.

டாப்சோனியனை உருவாக்கிய ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேதாந்த சொசைட்டியில், பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயம் எந்த ராமகிருஷ்ண மரபோ அதே மரபில், 1967 வரை துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல் கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து, அட்டைக் குழாயும் ப்ளைவுட்டும் வைத்துச் செய்தார். அவர் பாணி நம்ம ஊருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். குழாய் மட்டும் தனியாகக் கிடைத்தால் அடிப்பெட்டியைத் தெரிந்த ஆசாரியிடமே கொடுத்துச் செய்துகொள்ளலாம். 18 மி.மீ. ப்ளைவுட், சுழல்கிற இடத்தில் லேசாகச் சொரசொரப்பான மைக்கா ஷீட், அது உட்காரும் மூன்று இடத்தில் டெஃப்லான் துண்டு, நடுவில் ஒரு போல்ட், அவ்வளவுதான். டெஃப்லானுக்குப் பதில் பேரிங் போட்டுத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் கிளம்புவார், விடாதீர்கள். வழுக்கிக்கொண்டு ஓடுவது நமக்கு வேண்டாம், விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. கண்ணாடிகளை அவ்வப்போது நேராக்க வேண்டும் — 'காலிமேஷன்' என்பார்கள், பழகினால் ஐந்து நிமிட வேலை. தலைக்கு நேர் மேலே வருவதைப் பின்தொடர்வது சள்ளை, ஒரு மணி நேரம் பொறுத்தால் தானாகச் சரிந்துவிடும்.

ஆறு இஞ்ச் டாப்சோனியன், 1200 மி.மீ. குவியத்தூரம். கூட 25, 10 மி.மீ. ஐபீஸ் இரண்டு வந்தன. கூடுதலாக 6 மி.மீ. ப்ளோஸல், ஒரு பார்லோ, ஒரு ஜூம், கலர் ஃபில்டர் செட் என்று கடைக்காரர் பட்டியல் நீட்டுகிறார். நான் கண்ணாடி போட்டவள். எது வேண்டும்? — பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பட்டியலை மடித்து அவரிடமே கொடுங்கள் டீச்சர், அதில் ஒன்றும் அவசரமில்லை.

25 மி.மீ. உங்களுக்கு 48 மடங்கு, 10 மி.மீ. 120 மடங்கு. கூட வருகிற 25 பெரும்பாலும் சுமாராவது இருக்கும், 10-தான் பல பிராண்டுகளில் கழிசடை. ஒன்று மட்டும் வாங்குவதென்றால் அந்தப் பத்துக்கு மாற்றாக நல்ல ஒன்று வாங்குங்கள். ப்ளோஸல் என்கிற சாதாரண வகை ஐபீஸில் கண்ணை வைக்க வேண்டிய தூரம் அதன் குவியத்தூரத்தில் சுமார் எழுபது சதவீதம். 6 மி.மீ. ப்ளோஸல் என்றால் நாலு மி.மீ. சொச்சம்தான், இமை முடி ஐபீஸ் லென்ஸைத் தொட்டு மை அப்பிவிடும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது நடக்காத காரியம். இதற்கு மாற்றாகக் கழுத்தில் தங்க நிறக் கோடு போட்டு, 66 டிகிரி பார்வை என்று, வெவ்வேறு பெயர்களில் ஒரு வகை வருகிறது. அதில் 9 மி.மீ. உங்களுக்கு 133 மடங்கு தரும், கண்ணையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். நம் பக்கக் காற்றுக்குப் பெரும்பாலான இரவுகளில் அதற்கு மேல் தேவைப்படாது.

கண்ணாடி விஷயம்: வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டே பாருங்கள், ஃபோகஸ் திருகு அதைச் சரிக்கட்டும். சிலிண்டர் பவர் இருந்தால் குறைந்த மடங்கில் மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கும். மடங்கு கூடும்போது கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றை மெலிந்துவிடுவதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

அடுத்த போனஸுக்கு 32 மி.மீ. ப்ளோஸல். 37 மடங்குதான், ஆனால் வானத்தில் ஒன்றேகால் டிகிரிக்கு மேல் ஒரே பார்வையில் விழும், கார்த்திகைக் கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரங்கள் ஏறக்குறைய அடங்கிவிடும். பார்லோ வாங்குவதாக இருந்தால், இரண்டு மடங்கு பார்லோ ஐபீஸின் மி.மீ. எண்ணைப் பாதியாக்கிவிடும், அந்த எண் ஏற்கனவே கையில் இருக்கிற ஐபீஸோடு மோதாமல் பாருங்கள்: 25 வைத்திருப்பவர் 12.5-ம் வாங்கி, இரண்டு மடங்கு பார்லோவும் வாங்கினால் ஒரு ஐபீஸ் காசு தண்டம். ஜூம், கலர் ஃபில்டர் இரண்டும் இப்போது வேண்டாம்.

டெலஸ்கோப்போடு ஐபீஸில் திருகுகிற கறுப்பு 'சன் ஃபில்டர்' வந்தது. சூரியனைப் பார்க்கலாமா? — வாசகர், கரூர்

இன்றே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குழாய் குவித்த வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடி மேல் விழுகிறது, சூட்டில் அது விரிசல் விட்டால் கண்ணை எடுக்கக்கூட நேரம் இருக்காது. சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும், அதற்கென்றே விற்கிற ஃபிலிமில் செய்ததாக இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் கங்கண கிரகணம் தெரிந்தபோது பலர் வாங்கி வைத்த அட்டைக் கண்ணாடி டெலஸ்கோப்புக்கு ஆகாது, அதைப் போட்டுக்கொண்டு ஐபீஸில் பார்ப்பதும் ஆகாது.

நான் பத்தாவது. அப்பா ஐயாயிரத்துக்கு மேல் தரமாட்டார். என்ன செய்ய? — மாணவன், மூலனூர்

தம்பி, ஐயாயிரத்துக்கு டெலஸ்கோப் தேடாதே. 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (ஏழு அல்லது பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பார், பழசாக இருந்தாலும் சரி. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தால் கை ஆடாது. வைகாசியில் ராத்திரி ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே, அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி இருக்கும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம், பைனாகுலரில் பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். லண்டனில் பல லட்சத்துக்கு டெலஸ்கோப் வைத்திருப்பவனுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மூலனூர்ப் பக்கம் வானம் இன்னும் இருட்டாக இருக்கிறது, கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அப்பாவிடம் மீதிக் காசைக் கேட்டு அடம் பிடிக்க வேண்டாம்.

மாடியில் வைத்துப் பார்த்தால் வியாழன் கொதிக்கிற மாதிரி நெளிகிறது. டெலஸ்கோப் கண்ணாடி கோளாறா? — தென்னை விவசாயி, உடுமலை

கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணி வரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். மண் தரையில், களத்து மேட்டில் வையுங்கள், குழாயை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து ஆற விடுங்கள். தென்னை மறைக்கிறதே என்பீர்கள், மறைக்காத பக்கம் எது என்று பார்த்து அங்கே வருவதை மட்டும் பாருங்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் காற்றாலை சுற்றத்தான் லாயக்கு, மேகமும் விடாது. தை முதல் சித்திரை வரைதான் நமக்குச் சீசன். மழைக்காலத்தில் ஐபீஸ்களை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பெரிய கண்ணாடியில் தூசு தெரிகிறது என்று வேட்டித் துணியால் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் தூசு படத்தை ஒன்றும் செய்யாது, துடைத்த கீறல் போகவே போகாது.

பழைய டெலஸ்கோப் ஒன்று நாலாயிரத்துக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? — வாசகர், சேலம்

முதலில் ஐபீஸ் செருகுகிற வாயை ஸ்கேல் வைத்து அளங்கள். ஒன்றேகால் இஞ்ச், அதாவது 31.7 மி.மீ. இருந்தால் மேலே பேசலாம். ஒரு இஞ்சுக்கும் குறைவாக, 24.5 மி.மீ. இருந்தால் அதற்கு இனி நல்ல ஐபீஸ் கிடைப்பது அரிது. அப்புறம் டார்ச்சை முன்வாயில் அடித்து உள்ளே பாருங்கள், லென்ஸில் சிலந்தி வலை மாதிரி கோடு கோடாக இருந்தால் பூஞ்சை. ஸ்டாண்டில் நிறுத்திக் குழாயை லேசாகத் தட்டுங்கள், இரண்டு மூன்று வினாடியில் ஆட்டம் நிற்க வேண்டும். இந்த மூன்றும் தேறினால் நாலாயிரத்தை மூவாயிரத்து ஐந்நூறாகப் பேசிப் பாருங்கள்.